பத்திரத்தைப் படித்த பெண்கள்

போன மார்ச்சில் எங்கள் அலுவலகத்தில் மகளிர் தினம் கொண்டாடினோம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம். ஆளுக்கொரு ரோஜாப்பூ, மூடி போட்ட ஸ்டீல் டப்பா, அப்புறம் சிறப்பு விருந்தினர் பேச்சு. நன்றாகவே பேசினார், குரலில் உண்மையான மரியாதை இருந்தது. முடிக்கும்போது, "உலகத்தைப் பெண்கள் கையில் கொடுத்துப் பாருங்கள், எங்கேயும் சண்டை வராது. பெற்றவளுக்கு அழிக்க மனசு வராது. சமாதானம் தாய்மையோடு கூடப் பிறந்தது" என்றார். கூடம் முழுக்கக் கைதட்டல். நானும் தட்டினேன். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போதுதான் அந்த வார்த்தை உறுத்த ஆரம்பித்தது. மறுநாள் பக்கத்து மேசைப் பெண்ணிடம் சொன்னேன். "பாராட்டித்தானேக்கா பேசினாரு, இதுல என்ன வருத்தம்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இல்லையே தவிர, உறுத்தல் போகவும் இல்லை.

அதை யோசிக்கும்போதெல்லாம் என் பெரியம்மாதான் நினைவுக்கு வந்தார். கோபிக்குப் பக்கத்தில் கிராமம். அவருடைய வீட்டுக்காரரும் இரண்டு கொழுந்தனார்களும் நிலத்தைப் பிரித்துக்கொண்ட வருஷம் நான் கோடை விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஒரு வாரம் ஒரே பேச்சும் கூச்சலும். கடைசியில் பத்திர எழுத்தர் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் வரைவை எழுதிக்கொண்டு வந்தார். ஆம்பளைகள் ஏக்கர், சென்ட் கணக்கைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். பெரியம்மா அதை வாங்கித் திண்ணையில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரலை வைத்து, உதடு அசைய வாசித்தார். எட்டாவது வரைக்கும் படித்தவர். வாசித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. "கெணத்துல மூணு பங்குன்னு எழுதியிருக்குது. எந்தக் கெழமை யாருக்குத் தண்ணி மொறைன்னு எழுதுல. வடக்காலக் காட்டுக்கு வண்டித்தடமே உடல. இப்படியே ரிஜிஸ்டர் பண்ணிப்போட்டா நம்ம காலத்துல ஒண்ணும் ஆகாது. பசங்க காலத்துல வெட்டிக்குவாங்க" என்றார். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று ஒரு சத்தம் எழுந்தது. அவர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. அடுத்த பதினைந்து நாள் வெயிலில் மூன்று வீட்டுக்கும் நடந்தார். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி, தண்ணி முறையும் தடமும் பத்திரத்தில் ஏறிய பிறகுதான் விட்டார்.

இன்றைக்கும் அந்த ஊரில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், "அந்தம்மாளுக்குத் தங்கமான மனசு, அதனாலதான் அந்தக் குடும்பம் உடையாம நிக்குது" என்பார்கள். மனசு தங்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் பத்திரத்தைப் படித்தார் என்று ஒருத்தர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. மூன்று பேர் பார்த்துச் சரி சொன்ன காகிதத்தில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்தவர் அவர். "நல்ல மனசு" என்று சொன்ன அந்த நொடியே அந்தக் கண்டுபிடிப்பு காணாமல் போய்விடுகிறது. விழாவில் எனக்கு உறுத்தியது இதுதான் என்று புரிய ஒரு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு, இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே சமாதானத்துக்காக நாடு நாடாக அலைந்த பெண்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அங்கேயும் இதேதான் நடந்திருக்கிறது.

கப்பலில் ஒரு பதாகை

முதலில் கண்ணில் பட்டது ஒரு புகைப்படம். 1915 ஏப்ரல், நூர்டாம் என்ற கப்பலின் மேல்தளம். அகலத் தொப்பியும் கனத்த கோட்டும் போட்ட பெண்கள் ஒரு நீளப் பதாகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல், சமாதானம் என்று ஆங்கிலத்தில். முன்வரிசையில் ஜேன் ஆடம்ஸ் நிற்கிறார். சிகாகோவில் ஏழைக் குடியேறிகள் நடுவே வீடு எடுத்து வாழ்ந்து வேலை செய்தவர், அன்றைக்கு அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிந்த முகம். முதல் உலகப் போர் மூண்டு ஒன்பது மாதம் ஆகிவிட்டது. கடலில் நீர்மூழ்கிகள் திரிகின்றன. அந்தக் கப்பலில் ஏறி ஹாலந்தில் உள்ள ஹேக் நகரத்துக்குப் போகிறார்கள். அங்கே அலெட்டா ஜேக்கப்ஸ் என்ற டச்சு மருத்துவர், சண்டையில் இருக்கும் நாடுகளின் பெண்களையும் ஒதுங்கி நிற்கும் நாடுகளின் பெண்களையும் ஒரே கூடத்தில் உட்காரவைக்க ஏற்பாடு செய்திருந்தார். இங்கிலாந்துக் கரைக்குப் பக்கத்தில் கப்பலைச் சில நாள் நிறுத்திவைத்துவிட்டார்கள். பிரிட்டனிலிருந்து 180 பெண்கள் போகக் கேட்டிருந்தார்கள். அரசு முதலில் எண்ணிக்கையைக் குறைத்தது, பிறகு வட கடலையே போக்குவரத்துக்கு மூடிவிட்டது. கடைசியில் மாநாட்டில் கலந்துகொள்ள முடிந்த பிரிட்டிஷ் பெண்கள் மூன்றே பேர். அப்படியும் 12 நாடுகளிலிருந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். அமெரிக்க அதிபராக இருந்து ஓய்வு பெற்ற தியோடர் ரூஸ்வெல்ட் இந்த முயற்சியை அசட்டுத்தனம், கேவலம் என்று திட்டினார்.

விருந்தினர் சொன்னது உண்மையாக இருந்தால் 1914இல் பெண்கள் மொத்தமும் அந்தப் பக்கம் நின்றிருக்க வேண்டும். அப்படி நிற்கவில்லை. பிரிட்டனில் பெண்களின் ஓட்டுரிமைக்காகச் சிறை போன எமெலின் பாங்க்ஹர்ஸ்ட் போர் வந்ததும் போராட்டத்தை நிறுத்திவிட்டு ஆள் சேர்க்கும் மேடைகளில் ஏறினார். அவருடைய மகள் சில்வியாவோ போரை எதிர்த்தார். லண்டன் தெருக்களில் சீருடை போடாத இளைஞர்களைப் பிடித்துக் கோழை என்று காட்ட வெள்ளை இறகைக் கையில் திணித்த பெண்கள் இருந்தார்கள். ஜெர்மனியின் பெரிய மகளிர் கூட்டமைப்பு, ஹேக் மாநாட்டுக்குப் போவது தேசப்பற்றுக்கு விரோதம் என்று அறிவித்தது. பிரான்ஸிலும் பெரிய சங்கங்கள் ஒதுங்கிக்கொண்டன. ஆக, தாயாக இருந்ததால் யாருக்கும் சமாதானம் தானாக வந்துவிடவில்லை. ஹேக்குக்குப் போனவர்கள் சொந்த நாட்டுப் பெண்களின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு, யோசித்து முடிவெடுத்துப் போனவர்கள். அந்த முடிவை இயல்பு என்று சொல்லிவிட்டால், அதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன ஆவது?

சூரிச், மே 1919

ஹேக்கில் கலையும்போது அவர்கள் ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள். போர் முடிந்து அரசுகள் சமாதானம் பேச எங்கே கூடுகின்றனவோ, அதே இடத்தில் அதே நேரத்தில் நாமும் கூட வேண்டும். அரசுகள் கூடியது பாரிஸில். தோற்ற நாடுகளின் பெண்கள் அங்கே வர முடியாது. அதனால் இடத்தைச் சுவிட்சர்லாந்துக்கு, சூரிச் நகரத்துக்கு மாற்றினார்கள். 1919 மே 12 அன்று மாநாடு தொடங்கியது. அதற்கு ஐந்தே நாள் முன்னால், மே 7 அன்றுதான், போரை முடித்துவைக்க எழுதிய வெர்சாய் உடன்படிக்கையின் நிபந்தனைகள் ஜெர்மனியின் கையில் கொடுக்கப்பட்டிருந்தன.

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இந்த ஐந்து நாள்தான். பாரிஸில் பெரிய தலைவர்கள் ஆளுக்கொரு கூட்டம் நிபுணர்களோடும் செயலாளர்களோடும் மாதக்கணக்கில் பேசி எழுதியது அந்தக் காகிதம். சூரிச்சில் இருந்தவர்களுக்குப் பதவி கிடையாது. பல நாடுகளில் ஓட்டுகூடக் கிடையாது. ஆனால் அவர்கள் படித்தார்கள். படித்து, மாநாட்டில் தீர்மானமாகவே எழுதினார்கள். இந்த நிபந்தனைகள் ரகசிய ஒப்பந்தங்களுக்கு அங்கீகாரம் தருகின்றன. வென்றவனுக்குக் கொள்ளை உரிமை உண்டு என்பதை ஏற்றுக்கொள்கின்றன. ஒரு பக்கத்தின் ஆயுதத்தை மட்டும் பிடுங்குகின்றன. பொருளாதார ஷரத்துகளால் ஐரோப்பாவின் நடுவில் பத்துக் கோடிப் பேர் வறுமைக்கும் நோய்க்கும் நம்பிக்கையின்மைக்கும் தள்ளப்படுவார்கள், அதிலிருந்து வெறுப்பும் அராஜகமும்தான் விளையும். வருங்காலப் போர்களின் வித்து இதற்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லிப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். உடன்படிக்கையை இப்படி வெளிப்படையாகக் கண்டித்த முதல் சர்வதேச அமைப்பு அவர்களுடையதுதான். கெயின்ஸ் இதே விஷயத்தைப் புத்தகமாக எழுதி உலகப் புகழ் பெற்றது அந்த வருஷம் டிசம்பரில். அவர் பெரிய பொருளாதார அறிஞர், புகழுக்குத் தகுதியானவர். ஆனால் மே மாதமே சொன்னவர்களை ஏன் தீர்க்கதரிசிகள் என்று யாரும் சொல்வதில்லை என்று எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. அவர்களுக்குக் கிடைத்த பட்டம் நல்ல மனசுக்காரிகள் என்பதுதான்.

அந்தக் கூடத்தில் பசியும் உட்கார்ந்திருந்தது. துப்பாக்கிச் சத்தம் 1918 நவம்பரிலேயே ஓய்ந்துவிட்டாலும் வென்ற நேச நாடுகளின் உணவு முற்றுகை நிற்கவில்லை. ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் வந்த பெண்கள் எலும்பும் தோலுமாக வந்தார்கள். சில வருஷம் முன்பு பார்த்த ஓர் ஆஸ்திரியப் பெண்ணை, உருகி ஒடுங்கிப் போயிருந்ததால் அடையாளம் கண்டுகொள்ளவே மிகவும் சிரமப்பட்டதாக ஜேன் ஆடம்ஸ் பின்னால் எழுதினார். முற்றுகையை உடனே எடுங்கள், பட்டினி கிடப்பவர்களுக்குச் சோறு போய்ச் சேர வழி செய்யுங்கள் என்று மாநாட்டிலிருந்து பாரிஸுக்குத் தந்தி போனது. அமெரிக்க அதிபர் வில்சன் பதில் தந்தி அடித்தார். உங்கள் வேண்டுகோள் என் அறிவையும் இதயத்தையும் தொடுகிறது, ஆனால் நடைமுறைச் சிக்கல்கள் ஏராளம் என்று. முற்றுகை முழுதாக விலகியது அந்த ஜூலையில்தான், ஜெர்மனி உடன்படிக்கையை உறுதி செய்த பிறகு.

அப்புறம் அந்த ரோஜாப்பூ. பிரெஞ்சுப் பெண்களுக்கு அவர்களுடைய அரசு பாஸ்போர்ட் தர மறுத்திருந்தது. மாநாடு முடியும் தறுவாயில் ழான் மெலான் என்ற ஒருவர் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தார். அவருடைய ஊர் ஆர்டென் பகுதியில். போர்க்காலம் முழுக்க ஜெர்மன் படையின் பிடியில் கிடந்து பாழான மண் அது. அவர் மேடைக்கு வந்ததும், லிடா குஸ்டாவா ஹெய்மன் என்ற ஜெர்மன் பெண் எழுந்து ஒரு கொத்து ரோஜாவோடு அவரிடம் போனார். கட்டி அணைத்தார். ஒரு ஜெர்மானியப் பெண் ஒரு பிரெஞ்சுப் பெண்ணுக்குக் கை கொடுக்கிறாள், நம் ஆண்கள் போட்ட பள்ளத்தின் மேல் நாம் பாலம் கட்டுவோம் என்ற பொருளில் பேசினார். மெலானும் கை கொடுத்துப் பேசினார். அப்போது அமெரிக்கப் பிரதிநிதி எமிலி பால்ச் எழுந்து நின்று கையை உயர்த்தி, தன் வாழ்க்கையைச் சமாதானத்துக்குக் கொடுப்பதாகச் சொன்னார். கூடமே எழுந்து அவரவர் மொழியில் அதையே சொன்னது.

இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. கூடவே ஒரு பயமும் வந்தது. இந்தப் பூவை மட்டும் எடுத்துக்கொண்டு, பார்த்தீர்களா பெண் மனம் என்று சொல்லிவிட எவ்வளவு சுலபம்! அந்தப் பூ நீட்டிய கை எதுவென்று பார்க்க வேண்டும். ஹெய்மன் போர்க்காலத்தில் சமாதான வேலை செய்ததற்காக 1917இல் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர். எழுந்து நின்ற எமிலி பால்ச், வெல்லெஸ்லி கல்லூரியில் இருபது வருஷத்துக்கு மேல் பொருளாதாரமும் சமூகவியலும் நடத்தியவர். போரை எதிர்த்ததால் ஐம்பது வயதுக்கு மேல் வேலையை இழந்தவர். அவர் அன்று கை தூக்கியபோது கையில் கல்லூரிச் சம்பளம் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஹெய்மனே, பெண்ணின் இயல்பு வன்முறைக்கு எதிரானது என்று நம்பி எழுதியவர்தான். எங்கள் விழா விருந்தினரின் பேச்சை அவர் ஒருவேளை ரசித்திருப்பார். அவரோடு எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனால் அவர் வாழ்ந்த விதம் அவர் எழுதியதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. இயல்பை நம்பி அவர் சும்மா உட்காரவில்லை. பத்திரிகை நடத்தினார், மனு எழுதினார், தடைகளைச் சந்தித்தார். அதேபோல் அந்தக் கூடத்தின் குறையும் உண்டு. சர்வதேசம் என்று பெயர் சொன்னார்களே தவிர, வந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவும் அமெரிக்காவும்தான். கறுப்பினத்தைச் சேர்ந்த மேரி சர்ச் டெரெல் அங்கே ஜெர்மன் மொழியில் பேசினார். சுற்றிப் பார்த்தபோது வெள்ளையர் அல்லாதவர் தான் ஒருத்திதான் என்றும், உலகத்தின் அத்தனை வெள்ளையர் அல்லாத இனங்களுக்கும் சேர்த்துத் தான் ஒருத்தியே நிற்க வேண்டியிருந்தது என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். ஆசியப் பெண்கள் தங்களுக்குள் கூடிப் பேச 1931 ஜனவரி வரை ஆனது. அந்த லாகூர் மாநாட்டை முன்னின்று தூண்டியவர் அடையாறில் பிறந்த இந்திய மாதர் சங்கத்தின் மார்கரெட் கசின்ஸ். உலக சமாதானம் அதன் நோக்கங்களிலும் ஒன்றாக இருந்தது.

கணக்கும் ரசாயனமும்

சூரிச்சில் அமைப்புக்கு வைத்த பெயர், சமாதானத்துக்கும் சுதந்திரத்துக்குமான மகளிர் சர்வதேச சங்கம். அலுவலகம் ஜெனீவாவில். ஆடம்ஸ் தலைவர், பால்ச் செயலாளர். அடுத்த பத்து வருஷம் அவர்கள் செய்ததைப் படிக்கும்போது என் பெரியம்மா வெயிலில் நடந்த பதினைந்து நாள்தான் நினைவுக்கு வருகிறது. ஹைட்டி நாட்டை 1915 முதல் அமெரிக்கப் படை பிடித்து வைத்திருந்தது. 1926இல் பால்ச் ஆறு பேர் குழுவோடு அங்கே போனார், அதில் இரண்டு பேர் கறுப்பினப் பெண்கள். நேரில் பார்த்து, கேட்டு, கடன் கணக்கு, சாலை வேலை, சிறை, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாக எழுதி, படையை விலக்கி ஹைட்டியை ஹைட்டி மக்களிடமே கொடுக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்கள். 1934இல் படை விலகியது. அந்த அறிக்கை ஒன்றால்தான் விலகியது என்று நான் சொல்ல மாட்டேன். ஹைட்டி மக்களே எழுந்து போராடினார்கள். ஆனால் சொந்த நாட்டின் ஆக்கிரமிப்பை இப்படி வரிவரியாகச் சோதித்து எழுதியவர்கள் அன்றைக்கு அதிகம் இல்லை. 1927, 28இல் இதே சங்கத்திலிருந்து கேமில் ட்ரெவே, ஈடித் பை என்ற இருவர் இந்தோசீனாவுக்கும் சீனாவுக்கும் போய்வந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவர் கெர்ட்ரூட் வோக்கர். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வாளர். முதல் உலகப் போரில் விஷவாயு புகுந்ததும், அடுத்த போரில் அது ஊர்கள் மேல் விழும் என்று அவருக்குத் தெரிந்தது. காரணம், அந்த மூலக்கூறுகள் அவருக்குத் தெரியும். 1924இல் வாஷிங்டனில் சங்கத்தின் மாநாட்டுக்குப் போனவர், ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் நைமா ஸால்போமோடு அமெரிக்க ராணுவத்தின் எட்ஜ்வுட் ஆயுதச்சாலைக்கே போய் வாயு ஆயுதச் செயல்விளக்கத்தைப் பார்த்தார். திரும்பி வந்து, எந்த வாயு உடம்பில் என்ன செய்யும் என்று எழுதினார், ஊர் ஊராகப் பேசினார். 1929 ஜனவரியில் பிராங்க்பர்ட்டில் சங்கம் ஒரு மாநாடு கூட்டியது. விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் உட்கார்ந்து, நவீனப் போரிலிருந்து சாதாரண ஜனங்களைக் காப்பாற்ற முடியுமா என்று பேசினார்கள். முகமூடியும் பதுங்கு அறையும் ஊர் முழுவதையும் காப்பாற்றாது என்பதை ஆதாரத்தோடு வைத்தார்கள். குழந்தைக்கு எந்த அளவில் முகமூடி மாட்டுவாய், எத்தனை மணி நேரம் மாட்டி வைப்பாய் என்பது ஒரு தாயின் கேள்வி மாதிரித் தெரியலாம். அங்கே அதை வடிகட்டியின் திறனையும் வாயுவின் அடர்த்தியையும் வைத்துக் கேட்டார்கள்.

இவர்களை அசடுகள் என்று அதிகாரத்தில் இருந்தவர்கள் உண்மையிலேயே நினைத்திருந்தால் சும்மா விட்டிருப்பார்கள். விடவில்லை. 1920களின் நடுவில் அமெரிக்காவில் ஒரு வரைபடம் சுற்றியது, சிலந்தி வலை வரைபடம் என்று பெயர். மகளிர் சங்கங்களின் பெயர்களையும் அவற்றில் இருந்த பெண்களின் பெயர்களையும் கோடு போட்டு இணைத்து, எல்லாம் ரஷ்யக் கம்யூனிஸ்டுகளான போல்ஷ்விக்குகளின் சதி என்று காட்டியது. அதைத் தயாரித்தது எங்கே தெரியுமா? ராணுவத்தின் ரசாயனப் போர்ப் பிரிவில், அங்கே நூலகராக இருந்த ஒரு பெண்ணின் கையால். விஷவாயுவைக் கையாளும் துறைக்கு விஷவாயுவை எதிர்க்கும் பெண்கள் எவ்வளவு இடைஞ்சலாக இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வரைந்தவரும் பெண் என்பதை விருந்தினரிடம் சொல்ல வேண்டும்போல இருக்கிறது.

எண்பது லட்சம் கையெழுத்து

1932 பிப்ரவரி 2 அன்று ஜெனீவாவில் உலக ஆயுதக் குறைப்பு மாநாடு தொடங்கியது. தொடக்கமே ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. ஷாங்காய் மேல் ஜப்பான் தாக்குதல் தொடுத்திருந்ததால் ஐ.நா.வுக்கு முன்னோடியான தேசங்களின் சங்கத்தின் கவுன்சில் அவசரமாகக் கூட வேண்டியிருந்தது. பிப்ரவரி 6 அன்று மகளிர் அமைப்புகளின் முறை. பல நாட்டுப் பெண்கள் இரண்டிரண்டு பேராக உள்ளே வந்து, கையெழுத்துக் காகிதக் கட்டுகளை மாநாட்டின் முன்னால் கொண்டுவந்து குவித்தார்கள். மொத்தம் 80 லட்சத்துக்கும் மேல். அதில் ஜப்பானியப் பெண்களின் கையெழுத்தும் இருந்தது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் உயிருள்ள ஒரு மனிதர் பயத்தோடு நிற்கிறார் என்று அந்தப் பெண்கள் சார்பில் பேசிய மேரி டிங்மன் மாநாட்டுக்குச் சொன்னார்.

நான் ஒருமுறை எங்கள் தெருச் சாக்கடைக்காகக் கையெழுத்து வாங்கப் போயிருக்கிறேன். அறுபது வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. கதவைத் தட்ட வேண்டும், விளக்க வேண்டும், மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், பேனா எழுதாது, வீட்டுக்காரர் வந்தபிறகு வாருங்கள் என்பார்கள், திரும்பவும் போக வேண்டும். அறுபதுக்கே இப்படி. எண்பது லட்சத்துக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை ஜோடிக் கால்கள் என்று அன்றைக்கு இரவு என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மாநாடு என்ன ஆனது என்பது தெரிந்த கதை. 1933 அக்டோபரில் ஹிட்லரின் ஜெர்மனி வெளியேறியது, அதோடு அதன் உயிர் போனது. ஹெய்மனும் அவருடைய வாழ்நாள் துணை அனிதா ஆக்ஸ்பர்க்கும் பத்து வருஷம் முன்பே, 1923இல், பவேரிய உள்துறை அமைச்சரிடம் நேரில் போய், ஹிட்லரை நாடு கடத்துங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஹிட்லர் ஆஸ்திரியர், சட்டப்படி அனுப்பலாம். ஆக்ஸ்பர்க் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், தெரிந்துதான் கேட்டார். யாரும் அனுப்பவில்லை. 1933இல் ஹிட்லர் பதவிக்கு வந்தபோது இருவரும் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தார்கள். திரும்பவில்லை. வீடும் சொத்தும் நூலகமும் பறிபோயின. சூரிச்சில் அகதிகளாக வாழ்ந்து, 1943 ஜூலையில் ஹெய்மனும் டிசம்பரில் ஆக்ஸ்பர்க்கும் அங்கேயே இறந்தார்கள். அந்த ரோஜாவை நீட்டிய அதே ஊர்.

போன மாதம் கோபிக்குப் போனபோது பெரியம்மாவிடம் சூரிச் கதையைச் சொன்னேன். எண்பத்தொரு வயது. காது மந்தம், பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. ரோஜாப்பூவைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டினார். பத்திரம் பற்றிச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓட்டையக் காட்டுனாங்கல்ல, திருத்துனாங்களா கண்ணு?"

"இல்லைங்க பெரிம்மா. அப்படியேதான் கையெழுத்துப் போட்டாங்க."

கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, சொன்னதுக்கு நகலாச்சும் வெச்சிருக்கறாங்களா? நகல் இல்லீன்னா, சொல்லவே இல்லைன்னு போயிருவாங்க" என்றார். அவருடைய ட்ரங்குப் பெட்டியில் அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் முதல் வரைவு, அவர் பென்சிலில் கோடு போட்டது, இன்னும் இருக்கிறது.

நான் ரோஸா மானுஸ் கதையைச் சொன்னேன். டச்சு யூதப் பெண். 1915இல் ஹேக்கில் அலெட்டா ஜேக்கப்ஸுக்குக் கையாளாக ஓடியாடியவர், 1932 மனுவைத் திரட்டியதில் முக்கியமானவர். 1935 டிசம்பரில் இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் இயக்கத்துக்கென்று ஓர் ஆவணக் காப்பகம் தொடங்கினார். ஜேக்கப்ஸ் தன் காகிதங்களை அவரிடம் விட்டுப் போயிருந்தார், அவையும் அங்கே சேர்ந்தன. 1940இல் ஜெர்மன் படை ஹாலந்துக்குள் வந்தது. ஜூலையில் அதிகாரிகள் வந்து காப்பகத்தை மூடி, புத்தகம், கடிதம், அறிக்கை என்று அவ்வளவையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் ரோஸாவையும் கைது செய்தார்கள். ராவன்ஸ்ப்ரூக் என்ற நாஜி வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டவர் திரும்பவே இல்லை. காகிதங்கள் அழிந்துவிட்டன என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1992இல் மாஸ்கோவில் ஓர் ஆவணக் கிடங்கில் இருப்பது தெரியவந்தது. ஜெர்மனியில் கிடைத்ததைச் சோவியத் படை எடுத்துப் போயிருந்தது. 2003இல் அவை ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து சேர்ந்தன.

"எத்தனை வருசம்?" என்று கேட்டார் பெரியம்மா.

"அறுபத்து மூணுங்க பெரிம்மா."

அவர் விரலால் ஏதோ கணக்குப் போட்டார். அப்புறம் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், ட்ரங்குப் பெட்டியின் சாவியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.